ஆறுதல் சொல்லாமல் உட்கார்ந்திருத்தல்

கிளினிக்கல் சைக்காலஜி படிக்க வரும் பிள்ளைகள் ஓபியில் உட்காரும் முதல் வாரத்தில், ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) என்றால் கை கழுவுகிற ஆளைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அவர்களும் வருவார்கள். தோல் வெடித்த கை, பத்து தடவை இழுத்துப் பார்த்த பூட்டு, மூடியும் மூடாத கேஸ் சிலிண்டர், எல்லாம் வரும். ஆனால் வெளியே ஒன்றுமே தெரியாத ஆட்களும் வருகிறார்கள். நன்றாக உடுத்தியிருப்பார்கள், வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். என்ன தொந்தரவு என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். “சொல்ல முடியாதுங்க மேடம். சொன்னா நடந்துரும்.” இவர்களோடு வேலை செய்வதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பல ஆண்டுகளாக என் பிழைப்பும் பிரியமும் இதுதான்.

அவர்கள் சுமந்துகொண்டு வருவது ஒரு எண்ணம். கருவறை முன் கைகூப்பி நிற்கும்போது சாமியைப் பார்த்து வரும் கெட்ட வார்த்தை. தொழுகையில் நிற்கும்போது வரும் வஸ்வாஸ் என்கிற ஊசலாட்டம். நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது வரும் ஆபாசமான படம். பஸ் ஏறிப் போன கணவர் ரத்தத்தில் கிடப்பதுபோல ஒரு காட்சி. குழந்தையைக் குளிப்பாட்டும்போது, தண்ணீரில் அமுக்கிவிடுவேனோ என்ற நினைப்பு. இந்த எண்ணங்கள் அவர்களுக்கே அருவருப்பாக இருக்கும். ஆளை முடக்கிப் போடுவது எண்ணத்தின் மேல் அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நினைத்தால் நடந்துவிடும். இரண்டு, நினைத்ததே செய்ததற்குச் சமமான பாவம். கேஸ் ஷீட்டில் இதை டிஏஎஃப் என்று எழுதுகிறோம், ‘தாட் ஆக்‌ஷன் ஃப்யூஷன்’. வான்கூவரில் ரேக்மேன் என்ற உளவியலாளரும் அவரோடு ஷஃப்ரன், தோர்டார்சன் ஆகியோரும் 1996-இல் இதை அளப்பதற்கு 19 கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். தாள் நல்ல தாள். ஆனால் மதிப்பெண்ணை மட்டும் எழுதி வைக்காதீர்கள். இரண்டில் எந்த வகை முன்னால் நிற்கிறது என்று எழுதுங்கள். ‘நடந்துவிடும்’ என்பவரிடம் செய்யும் வேலை வேறு, ‘பாவம்’ என்பவரிடம் செய்யும் வேலை வேறு.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழுவதில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அச்சானியமாகப் பேசாதே என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். மேலே தேவதைகள் “அப்படியே ஆகட்டும்” என்று சொல்லிக்கொண்டே போகும் என்று பாட்டி சொல்வாள். எண்ணம்போல் வாழ்வு என்று ஆட்டோவின் பின்னால் எழுதியிருக்கும். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ நூலைப் படித்து நிமிர்ந்தவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். இதே பேச்சு ஓசிடி உள்ளவரின் காதில் விழும்போது அவருக்கு வேறொன்று கேட்கிறது: ஒரு கெட்ட எண்ணம் வந்தாலும் பொறுப்பு உன்னுடையது. ஆனாலும் பாட்டியோடு சண்டைக்குப் போகக்கூடாது. ஒரு பயிற்சி மாணவர், “இதெல்லாம் மூடநம்பிக்கைங்க” என்று ஒரு பெரியவரிடம் சொன்னார். அந்தப் பெரியவர் அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவர் வந்தது சாமி இருக்கிறதா என்று விசாரிக்க அல்ல. கோயிலைச் சுற்றி முடித்தபிறகும் முதல் பிரகாரத்திலிருந்து மறுபடி மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்ததால் வந்தார். மற்றவர்கள் சுற்றுகிற அளவு சுற்றிவிட்டு வீட்டுக்குப் போக முடிந்தால் அவருக்குப் போதும். நம் வேலையின் எல்லையும் அதுதான்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்தவர் ஒரு மேடம். கட்டுரை எழுதியவரல்ல, மேடை ஏறியவருமல்ல. அவர் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒருபக்கம் அச்சடித்த பழைய தாள்கள், ஒரு பிஸ்கெட் டின். புதிதாக வந்த நோயாளியிடம் அவர் முதலில் திறப்பது அந்த டின்னைத்தான். உள்ளே மடித்த சீட்டுகள் கிடக்கும். வார்டில் வேலை செய்யும் நர்ஸுகள், மாணவர்கள், டாக்டர்கள், பெயர் போடாமல் அவரவர் மனத்தில் திடீரென்று வந்துபோன கோணலான எண்ணங்களை எழுதிப் போட்டவை. மாடியில் நிற்கும்போது குதித்துவிடுவேனோ. தூங்கும் அப்பாவின் முகத்தில் தலையணையை வைத்தால். கூட்டத்தில் கெட்ட வார்த்தை கத்திவிட்டால். இவற்றோடு நோயாளிகள் எழுதியவற்றையும் கலந்து வைத்திருப்பார். “இதுல எது நோயாளி எழுதுனது, எது எங்க ஸ்டாஃப் எழுதுனதுன்னு பிரிச்சுக் குடுங்க” என்பார். யாராலும் சரியாகப் பிரிக்க முடியாது. 1978-இல் ரேக்மேனும் பத்மால் டி சில்வாவும் இதையே ஆய்வாகச் செய்து காட்டினார்கள். சாதாரண மனிதர்களுக்கு வரும் எண்ணங்களும் ஓசிடிக்காரர்களுக்கு வரும் எண்ணங்களும் உள்ளடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். அடிக்கடி வருவது, நெடுநேரம் நிற்பது, தரும் வேதனை, எளிதில் விரட்ட முடியாமை ஆகியவற்றில்தான் வித்தியாசம். டி சில்வா இலங்கையில் பிறந்து லண்டனில் வேலை பார்த்தவர். வேண்டாத எண்ணங்களைக் கையாள ஐந்து வழிகள் சொல்லும் பழைய பௌத்த சூத்திரம் ஒன்றை இன்றைய நடத்தைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு எழுதியவரும் அவரே. மேடத்துக்கு இந்த ஆய்வுகளெல்லாம் தெரியும். நோயாளியிடம் சொல்லமாட்டார். டின்னைத்தான் நீட்டுவார். சீட்டை விரித்துப் படிக்கும்போது அவர்கள் தோள் இறங்குவதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் டின் ஒரே ஒரு முறைதான் திறக்கும். இரண்டாம் தடவை வந்து, “மேடம், அந்தச் சீட்டுங்களை இன்னொரு தடவை பாக்கலாமா” என்று கேட்பவர்கள் உண்டு. அப்போது அது மருந்து இல்லை, சடங்காகிவிட்டது. எங்கள் தொழிலின் பெரிய இடறல் இதுதான். ஆறுதல், விளக்கம், ஆதாரம், எதைக் கொடுத்தாலும் ஓசிடி அதை வாங்கிக் கட்டாயச் செயலாக மாற்றிக்கொள்ளும்.

அடுத்தது தாளும் பேனாவும். தம்பிக்கு விபத்து நடந்துவிடும் என்ற எண்ணம் வரும்போதெல்லாம், ‘நடக்காது, நடக்காது, நடக்காது’ என்று மனத்துக்குள் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ஒரு கல்லூரிப் பெண். நான் மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நேரே தம்பி பெயரை எழுதச் சொல்லுவார்கள், பெண் எழுந்து ஓடிவிடுவாள். மேடம் தாளை அவள் பக்கம் தள்ளி, “என் பேரைப் போட்டு எழுதும்மா. இந்த வாரம் இவங்க படியில விழுந்து கை முறியட்டும்னு எழுது” என்றார். அந்தப் பெண் அழுதாள். “உங்களுக்கு எப்படி மேடம்...” என்றாள். மேடம் பதில் சொல்லவில்லை. பேனாவை எடுத்து அவள் விரலருகே வைத்தார். அவ்வளவுதான். அந்தப் பெண் எழுத நெடுநேரம் பிடித்தது. எழுதி முடித்ததும், “கிழிச்சிரலாமா?” என்று கேட்டாள். “வேணாம். மடிச்சுப் பர்ஸ்ல வச்சுக்க” என்றார்.

அதன்பின் அந்த அறையில் நடந்ததுதான் தொழில். எதுவும் நடக்கவில்லை. மேடம், “எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதே” என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வது எவ்வளவு எளிது என்று உங்களுக்கே தெரியும், நாக்கு நுனியில் நிற்கும். சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் ‘நடக்காது, நடக்காது’ என்ற மந்திரத்தை அவளுக்காக நாம் சொன்னதாகிவிடும். மேடம் அவ்வப்போது, “இப்ப எவ்வளவு?” என்று மட்டும் கேட்டார். சட்ஸ் கணக்கு, அதாவது பதற்றத்தின் அளவு, 0 முதல் 100 வரை. 95 என்றாள். பிறகு 95. பிறகு 90. பிறகு மறுபடி 95, ஏனென்றால் வெளியே படியில் யாரோ தடதடவென்று இறங்கினார்கள். மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பின்னால் 70. பிறகு 40. கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல், மனத்துக்குள் ‘நடக்காது’ சொல்லாமல், தானாக இறங்கியது. அதை அவளே பார்த்தாள்.

வான்கூவரில் 1996-இல் மாணவர்களை வைத்து ஏறக்குறைய இதே வேலையைச் சோதனையாகச் செய்தார்கள். தனக்கு வேண்டிய ஒருவர் பெயரைப் போட்டு, அவர் கார் விபத்தில் சிக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். ஒரு பகுதியினர் உடனே அதை அடித்தோ மாற்றியோ ‘சரிக்கட்டினார்கள்’. மற்றவர்கள் சும்மா காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களின் பதற்றமும் சிறிது நேரத்தில் அதே அளவுக்கு இறங்கிவிட்டது. படித்தபோது எனக்கு மேடத்தின் அறைதான் ஞாபகம் வந்தது.

காத்திருப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு, புத்தகத்தில் இருக்காது. சுவர்க்கடிகாரத்தை நோயாளியின் முதுகுப் பக்கம் மாட்டுங்கள். கண்ணெதிரே இருந்தால் முள்ளை எண்ணியே நேரத்தைக் கடத்துவார்கள், எண்ணுவதும் ஒரு சடங்குதான். உங்கள் முகத்தைக் கவனியுங்கள். நீங்கள் லேசாகச் சிரித்தால், அவர்களுக்கு அது ‘ஒன்றும் ஆகாது’ என்ற சேதி. பேனாவைத் தட்டினால் ‘ஏதோ ஆகப்போகிறது’ என்ற சேதி. சட்ஸ் இறங்காமல் செஷனை முடிக்க நேர்ந்தாலும் பயப்பட வேண்டாம். இறங்குவதைவிட முக்கியம், அவர் எதை எதிர்பார்த்தார், அது வந்ததா, அந்தப் பதற்றத்தோடு அவரால் இருக்க முடிந்ததா என்பது. எதிர்பார்ப்பை முன்கூட்டியே அவர் கையெழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘இதை எழுதினால் நான் பைத்தியமாகிவிடுவேன்’ என்று எழுதிய ஒருவர், செஷன் முடிந்ததும் கேன்டீனில் வடை தின்றுகொண்டிருந்தார்.

எழுதினது நடந்துவிட்டால்? எல்லா மாணவர்களும் கேட்கும் கேள்வி இது. நடக்கத்தான் செய்யும். ‘அத்தைக்கு உடம்பு முடியாமல் போகட்டும்’ என்று எழுதிய ஒருவரின் அத்தைக்கு மறுவாரம் நிஜமாகவே காய்ச்சல் வந்தது. மனிதர் வெளுத்துப்போய் வந்தார். இந்த இடத்தில், “அது தற்செயல்” என்று சொன்னால் வேலை கெட்டது. தாளில் நாலு கட்டம் போட்டேன். நினைத்தது நடந்தது, நினைத்தது நடக்காதது, நினைக்காமலே நடந்தது, நினைக்காதது நடக்கவுமில்லை. அத்தையின் பழைய காய்ச்சல்களையெல்லாம் அவரையே நிரப்பச் சொன்னேன். போன மழைக்காலத்துச் சிக்குன்குனியா மூன்றாம் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. அத்தை நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று அவர் தினம் வேண்டிக்கொண்ட மாதங்களில்தான் அத்தைக்குச் சர்க்கரை வந்ததும் தெரிந்தது. அவர் இதுவரை எண்ணிவந்தது முதல் கட்டத்தை மட்டும். மற்ற மூன்றும் கண்ணில் பட்டதேயில்லை. அத்தோடு தாளை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டேன். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் தினமும் கட்டம் நிரப்புவார். ‘நடக்காது’ என்ற உத்தரவாதத்தையும் தரக்கூடாது. நம்மால் தர முடிந்தது, நிச்சயம் தெரியாமலே ஒரு நாளைக் கழிக்கும் பழக்கம்தான்.

நீங்கள் மிக அதிகமாகத் தடுமாறப்போகும் இடம் மனத்துக்குள் நடக்கும் சடங்கு. வெளியே கை அசையாது. ஒரு மாணவி, சாமியைத் திட்டும் எண்ணம் வரும் ஒருவரின் குரலிலேயே அவர் மனத்தில் ஓடுவதையெல்லாம் ஃபோனில் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்கச் சொன்னாள். 1989-லேயே சால்கோவ்ஸ்கிஸும் வெஸ்ட்புரூக்கும் டேப்பில் செய்து காட்டிய வழிதான், சரியான வழி. ஆனால் அந்தப் பதிவில் கெட்ட வார்த்தையோடு, அதைத் துடைக்க அவர் உடனே சொல்லும் ஸ்லோகமும் சேர்ந்திருந்தது. வாரக்கணக்கில் அவர் தன் சடங்கையே ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தார், நோய் கூடியது. பிறகு உட்கார்ந்து பிரித்தோம். தானாக வந்து பதற்றத்தைக் கூட்டுவது எண்ணம். தானே வரவழைத்துப் பதற்றத்தைக் குறைப்பது சடங்கு. வார்த்தை தூய்மையாக இருந்தாலும் அது சடங்குதான். ஒவ்வொரு வரியிலும், “இது வந்துச்சா, நீங்க கொண்டுவந்தீங்களா?” என்று கேட்டுக் கேட்டுப் பிரிக்க வேண்டும். சலிப்பான வேலை. இதில் பொறுமை இல்லாதவர்கள் வேறு துறைக்குப் போகலாம்.

குழந்தை பெற்ற தாய்மார் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். “குழந்தையைக் கொன்னுருவேனோன்னு வருது” என்று ஒரு பெண் சொன்னவுடன், கேட்பவர்க்கு வயிறு கலங்கும். ஒரு இடத்தில், பதறிப்போய், குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அது தீர்ப்பாகிவிட்டது: நான் நிஜமாகவே ஆபத்தானவள், டாக்டரே ஒத்துக்கொண்டார். முதலில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். அந்த எண்ணம் அவளுக்குத் திகிலாக இருக்கிறதா, சரியென்று படுகிறதா? காதில் குரல் கேட்கிறதா? குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை ஏதும் உண்டா? தூக்கம் அறவே போய்விட்டதா, பேச்சு குழம்புகிறதா? அப்படியிருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் சைக்கோசிஸாக இருக்கலாம். அன்றைக்கே சைக்கியாட்ரிஸ்டிடம் சேர்க்க வேண்டிய அவசரம், ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. அந்த அடையாளம் எதுவும் இல்லாமல், கத்தியை ஒளித்துவைத்து, குழந்தையைத் தொடவே பயந்து, அழுதுகொண்டு வருகிறாளா? அது ஓசிடி. அவளுக்கு வைத்தியம் குழந்தையைப் பிரிப்பதல்ல, குழந்தையைக் குளிப்பாட்டுவது. எண்ணம் வரட்டும். அது வந்துகொண்டிருக்கும்போதே எண்ணெய் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, துவட்டி, சாம்பிராணி காட்ட வேண்டும்.

‘பாவம்’ வகையில் வந்தவர்களில் ஒரு தமிழாசிரியையை அடிக்கடி நினைப்பேன். ஆசிரியர் அறையில் யார் பர்ஸைப் பார்த்தாலும், ‘எடுத்துக்கொள்’ என்று ஓர் எண்ணம். வீட்டுக்குப் போய்த் தன் பையைக் கவிழ்த்துக் கொட்டிச் சோதிப்பார், எதையும் எடுத்திருக்க மாட்டார். “திருட நினைக்கிறதே குற்றம்னு வள்ளுவர் கள்ளாமையில சொல்றாரே, எனக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?” என்றார். வள்ளுவரோடு வாதாட எனக்குத் தகுதியில்லை. “டீச்சர், பத்தாம் வகுப்புக்குச் சொல்ற மாதிரி அந்தக் குறளை எனக்குச் சொல்லிக்குடுங்க” என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பாடம் எடுத்தார். பிறர் பொருளை ஏமாற்றி எடுத்துக்கொள்வோம் என்று மனத்துக்குள் தீர்மானம் செய்கிறவனைப் பற்றியது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். தீர்மானம் செய்கிறவன் தன் பையைக் கொட்டிப் பார்ப்பானா? அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, அவர் கண்ணிலேயே வந்துவிட்டது. அடுத்த வாரம் அதே குறளை இன்னொரு தடவை விளக்கலாமா என்று கேட்டார். “பாடம் முடிஞ்சுருச்சு டீச்சர்” என்றேன். மனம் கனத்தது, ஆனால் அப்படித்தான் சொல்ல வேண்டும். பிறகு பையை இன்னொருவர் பர்ஸுக்குப் பக்கத்தில் வைப்பது, வீட்டில் கொட்டாமல் தூங்குவது என்று படிப்படியாக ஏறினோம்.

சமயம் சார்ந்த எண்ணங்களில் எவரையும் அவர் நெறிக்கு விரோதமான செயலைச் செய்யச் சொல்லாதீர்கள். சாமியைத் திட்டச் சொல்லவேண்டியதில்லை. திட்டும் எண்ணத்தோடேயே சந்நிதியில் நின்று, கூடுதலாக ஒரு தோப்புக்கரணம்கூடப் போடாமல் வீடு திரும்பச் சொன்னால் போதும். வஸ்வாஸ் என்று வருபவரைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நானே அனுப்பியிருக்கிறேன். மனத்தில் வந்துபோவது, வாயால் சொல்லாதவரை, கையால் செய்யாதவரை, கணக்கில் சேராது என்று அவர் சொல்லும் பதில் நாம் சொல்வதைவிட ஆழமாக இறங்கும். ஆனால் ஒரு முறைதான். தொழுகைக்கான ஒளுவைச் சரியாகச் செய்தேனா என்று தினமும் ஹஜ்ரத்துக்கு ஃபோன் போட ஆரம்பித்தால், ஹஜ்ரத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும். அவர்களும் இரக்கத்தால்தான் பதில் சொல்கிறார்கள்.

வீட்டாரும் அப்படியே. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுப்பி, “ஒண்ணும் ஆகாதுல்லம்மா?” என்று மகன் கேட்டால், எந்தத் தாய் வாயை மூடிக்கொண்டிருப்பாள்? ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள், வீடு போர்க்களமாகிவிடும். மகனையும் வைத்துக்கொண்டு ஒப்பந்தம் போடுங்கள். இந்த வாரம் மூன்று தடவை பதில், அடுத்த வாரம் ஒன்று, பிறகு இல்லை. அந்தப் பதிலுக்கு மாற்றாக என்ன சொல்வது என்பதையும் பழக்குங்கள்: “இது ஓசிடி கேக்குற கேள்வி கண்ணு. கஷ்டமாத்தான் இருக்கும், நான் பக்கத்துல இருக்கேன்.” அந்த அம்மாக்களிடம் என் முன்னாலேயே பத்துத் தடவை சொல்லிப்பார்க்கச் சொல்வேன். குரல் கெஞ்சலாகவும் கூடாது, எரிச்சலாகவும் கூடாது. பல அம்மாக்களுக்கு நோயாளியைவிட அதிக நாள் பிடிக்கும்.

மாத்திரையைக் குறைவாக எண்ணாதீர்கள். ஃப்ளூவோக்ஸெடின், ஃப்ளூவாக்ஸமின், செர்ட்ரலின் வகைகள், அவை சரிப்படாதபோது க்ளோமிப்ரமின் என்று டாக்டர் முடிவு செய்வார். ஓசிடிக்குப் பெரும்பாலும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு வேண்டும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாம் வாரத்திலேயே, “கேக்கலைங்க” என்று நிறுத்துபவர்களைப் பிடித்து நிறுத்துவது நம் பொறுப்பும்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசில்லை என்று எவரும் திரும்ப வேண்டாம்.

ஓசிடியின் கடுமையை அளக்கும் ஒய்-பாக்ஸ் அளவுகோலில் 40-க்கு 30 என்று வந்தவர் 12-க்கு இறங்கியதும் செஷனை முடிக்கலாமா என்று கேட்பீர்கள். முடிக்கும் முன் ஒரு வேலை உண்டு. எண்ணங்கள் திரும்ப வரும். பரீட்சை, கல்யாணம், பிரசவம், வீட்டில் ஒரு சாவு, இவற்றையொட்டிக் கட்டாயம் வரும், அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வந்தால் என்ன செய்வது, எந்தச் சடங்கு முதலில் தலைதூக்கும், எப்போது நம்மிடம் வர வேண்டும் என்று ஒரு தாள் தயாராக வேண்டும். நல்ல கையெழுத்துள்ள மாணவர்கள் அழகாக எழுதி, லேமினேட் செய்து கொடுக்க ஆசைப்படுவார்கள். கொடுக்காதீர்கள். நம் கையெழுத்து இருந்தால் அதைத் தினமும் எடுத்துப் படித்து ஆறுதல் தேடுவார்கள். பேனாவை அவர்கள் பக்கம் தள்ளுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்த வேண்டாம்.